கழுத்தில் பரு, தொடையில் கட்டி, முதுகில் அரிப்பு: மூன்றுக்கும் ஒரே கிரீமா?

கேள்வி: எனக்கு வயது 32. ஒன்றரை வருடமாக இந்தத் தொல்லை. ஷேவ் செய்த மறுநாளே கழுத்திலும் தாடைக்குக் கீழும் சிவந்த பருக்கள் கிளம்பிவிடுகின்றன. மாதம் ஒரு முறையாவது பிட்டத்திலோ தொடையின் பின்பக்கத்திலோ சீழ்க்கட்டி வருகிறது. இரண்டு தடவை ஆன்டிபயாடிக் மாத்திரை சாப்பிட்டேன். கட்டி அமுங்கியது, மறுபடி வந்தது. இரண்டாவது தடவை மாத்திரை முடித்த சில வாரங்களில் முதுகும் தோளும் கடுகு கடுகாகப் பொரிந்து, அரிப்பில் தூக்கம் போகிறது. மருந்துக் கடையில் கொடுத்த கிரீமைத் தடவினால் ஒரு வாரம் நன்றாக இருக்கிறது. நிறுத்தினால் முன்னைவிட மோசம். அட்டையில் க்ளோபெட்டசால், மைக்கோனசோல், நியோமைசின் என்று போட்டிருக்கிறது. போன மாதம் மனைவிக்கும் தொடையில் ஒரு கட்டி. ரத்தம் கெட்டுவிட்டதா? உடம்புச் சூடா? இது ஒட்டுமா? லேசர் செய்துகொண்டால் இதற்கு முடிவு வருமா?

பதில்: "இது ஒட்டுமா", "இதற்கு முடிவு வருமா" என்று ஒருமையில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்களிடம் மூன்று தனித்தனித் தொல்லைகள் இருக்கின்றன. மூன்றும் மயிர்க்காலில்தான் வருகின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் பெரிய உறவில்லை. காரணம் வேறு, மருந்து வேறு. ஒன்றுக்குக் கொடுத்த மருந்து இன்னொன்றை வளர்த்துவிட்டது என்றே நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கடிதத்தில் இடமும், வலியா அரிப்பா என்பதும், எதற்குப் பின் எது வந்தது என்பதும் தெளிவாக இருக்கின்றன. பாதிக் கண்டுபிடிப்பு அதிலேயே முடிந்துவிடுகிறது.

மயிர்க்கால் என்பது தோலுக்குள் சாய்வாக இறங்கும் ஒரு சின்னக் குழாய். அடியில் முடியின் வேர், பக்கவாட்டில் எண்ணெய்ச் சுரப்பி, மேலே திறந்த வாய். உள்ளங்கை, உள்ளங்கால் போன்ற சில இடங்களைத் தவிர உடம்பு முழுக்க இருக்கிறது. வாய் திறந்திருப்பதால் கிருமி இறங்கலாம். அடைத்துக்கொண்டால் உள்ளே எண்ணெய் தேங்கலாம். சில நேரம் முடியே வளைந்து பக்கத்துத் தோலைக் குத்தலாம். எது நடந்தாலும் வெளியே தெரிவது ஒரே காட்சிதான்: நடுவில் முடி, சுற்றிலும் சிவப்பு, உச்சியில் வெள்ளையாக ஒரு துளி. அந்தத் துளியைப் பார்த்ததும் "சீழ், ஆகவே கிருமி, ஆகவே ஆன்டிபயாடிக்" என்று ஓடுவதில்தான் பலரும் இடறுகிறார்கள். சீழ் என்பது வெள்ளணுக்கள் அங்கே கூடியதற்கான அடையாளம். எதற்காகக் கூடின என்பதை அது சொல்லாது.

முதலில் அந்தக் கிரீம். க்ளோபெட்டசால் என்பது தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. அது சிவப்பையும் வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும். கிருமியைக் கொல்லாது. உடம்பின் எதிர்ப்பை அமுக்கிவைப்பதால் கிருமியும் பூஞ்சையும் சத்தமில்லாமல் பெருகும். பூசும் வரை அடங்கியிருந்து நிறுத்தியதும் இரட்டிப்பாகக் கிளம்புவது இதனால்தான். கூடவே சேர்த்திருக்கும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் இந்தக் கேட்டை ஈடுகட்டுவதில்லை. நியோமைசின் பலருக்கு ஒவ்வாமையையும் உண்டாக்கும். படர்தாமரையின் மேல் இதைப் பூசினால் வளைய வடிவம் அழிந்து, பூஞ்சை மயிர்க்காலுக்குள் ஆழமாக இறங்கிக் கெட்டியான முடிச்சுகளாகிவிடும். அந்த நிலைக்குப் பூச்சு போதாது, வாரக்கணக்கில் மாத்திரை வேண்டியிருக்கும். ஸ்டீராய்டே மயிர்க்கால்களில் ஒரே மாதிரியான பருக்களை எழுப்புவதும் உண்டு.

ஆகவே அதை நிறுத்துங்கள். நிறுத்தியபின் ஒன்றிரண்டு வாரம் சிவப்பும் எரிச்சலும் கூடலாம். அதைப் பார்த்து மீண்டும் பூசத் தொடங்கினால் இந்தச் சுழலிலிருந்து வெளியே வர முடியாது. இடைவெளி இல்லாமல் மாதக்கணக்கில் முகத்திலோ உடம்பின் பெரும் பரப்பிலோ பூசி வந்திருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். இனி எந்தக் கிரீம் வாங்கினாலும் பெட்டியில் க்ளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது ஸ்டீராய்டு.

அடுத்தது பிட்டமும் தொடையும். விண்விண்ணென்று வலிக்கிறது, பழுக்கிறது, உடைகிறது, கொஞ்ச நாளில் வேறொரு இடத்தில் கிளம்புகிறது என்றால் சந்தேகம் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் மேல்தான். மேலாக இருந்தால் 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவில் கொப்புளம். அது பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே காய்ந்துவிடும். ஆழமாக இறங்கினால் கட்டி. பக்கத்துப் பக்கத்து மயிர்க்கால்கள் பல சேர்ந்து, பல வாய்களோடு பெரிதாகப் பழுத்தால் அதுதான் ராஜபிளவை. அதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

ஒரு கட்டி கிளம்பிய உடனே செய்ய வேண்டியது ஒத்தடம். சுத்தமான துணியை, கை பொறுக்கும் சூட்டில் உள்ள நீரில் நனைத்துப் பிழிந்து, 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு 3 அல்லது 4 முறை வையுங்கள். துணி ஆறினால் மறுபடி நனையுங்கள். சூடு அங்கே ரத்த ஓட்டத்தைக் கூட்டும், கட்டி சீக்கிரம் பழுத்து முகம் வைக்கும், தானாக உடையும். ஒவ்வொரு தடவைக்கும் புதுத் துணி வேண்டும். உடைந்த கட்டியில் வைத்த துணியைத் தோய்க்காமல் மறுபடி பயன்படுத்துவது கிருமியை விதைப்பதற்குச் சமம். உடைந்தபின் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, வடிவதை உறிஞ்சும்படி துணிப்பஞ்சு வைத்து மூடுங்கள். திறந்து விட்டால் காய்ந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் வீட்டில் மற்றவர்களுக்குப் பரவுவது அந்த ஈரத்தின் வழியாகத்தான்.

பிதுக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. கட்டிக்கு வெளிப்பக்கம் தடித்த தோல், உள்பக்கம் மெல்லிய சுவர். முகம் வைக்காத கட்டியை அழுத்தினால் முதலில் கிழிவது உள்பக்கம். சீழ் கொழுப்புக்குள் பரவி, கட்டி இருந்த இடத்தைச் சுற்றி ஒரு சாண் சிவந்துவிடும். மூக்கிலும் மேல் உதட்டிலும் வந்ததைத் தொடவே கூடாது. அங்குள்ள ரத்தக் குழாய்கள் கண்ணுக்குப் பின்னாலுள்ள குழாய்களோடு இணைந்திருப்பதால், அரிதாகத்தான் என்றாலும், தொற்று மூளைப் பக்கம் போய்விட வழி இருக்கிறது.

உள்ளே சீழ் நிறைந்து, விரலால் தொட்டால் தளதளவென்று அசையும் பெரிய கட்டிக்கு மாத்திரை மட்டும் போதாது. சீழ்ப் பைக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. மருத்துவர் மரக்கச் செய்து சிறிய கீறல் போட்டு வடித்துவிட வேண்டும். முளை வெளியே வந்தபிறகுதான் வலி போகும். அப்போதே ஒரு துளி சீழை வளர்ப்புச் சோதனைக்கு, அதாவது கிருமியை ஆய்வகத்தில் வளர்த்து அது எந்த மருந்துக்கு மசிகிறது என்று பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு தடவை மாத்திரை சாப்பிட்டும் திரும்பத் திரும்ப வருகிறவருக்கு இந்தச் சோதனை அவசியம். செபலெக்சின், க்ளாக்சசிலின் போன்ற வழக்கமான மருந்துகளுக்கு மசியாத ஸ்டாஃபிலோகாக்கஸ் வகை ஒன்று உண்டு. அதற்கு டாக்ஸிசைக்ளின், கோட்ரைமாக்சசோல் போன்ற வேறு மருந்துகள் தேவைப்படும். எது வேலை செய்யும் என்பதை யூகிப்பதைவிட எழுத்தில் பார்ப்பது நல்லது. டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தால் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள். தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும். வெயிலில் தோல் எளிதில் கருகும். கர்ப்பிணிகளுக்கு அந்த மருந்து கூடாது.

மேலாக நாலைந்து கொப்புளம் மட்டும் என்றால் மாத்திரையே வேண்டாம். பென்சாயில் பெராக்சைடு 5 சதவீதம் உள்ள கழுவு திரவத்தை ஈரத் தோலில் தேய்த்து, 2 நிமிடம் விட்டுக் கழுவினால் பெரும்பாலும் போதும். இதற்கு எதிராகக் கிருமிகள் தாக்குப்பிடிக்கப் பழகுவதில்லை என்பதுதான் இதன் பெரிய பலம். பலவீனம் ஒன்று: துண்டு, தலையணை உறை, உள்ளாடை எல்லாவற்றையும் வெளுத்துவிடும். வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அடங்காத கொப்புளங்களுக்கு முபிரோசின் 2 சதவீதக் களிம்பை மெல்லியதாக நாளைக்கு 3 முறை, 5 முதல் 7 நாள். பத்து நாளைத் தாண்ட வேண்டாம். மிச்சம் இருக்கிறதே என்று மாதக்கணக்கில் பூசினால் மருந்து மழுங்கிவிடும்.

இப்போது நீங்கள் உண்மையிலேயே கேட்க வேண்டிய கேள்வி: ஏன் திரும்பத் திரும்ப? ஏறத்தாழ 10 பேரில் 3 பேரின் மூக்குத் துவாரத்தில் இந்தக் கிருமி எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. அக்குள், தொடையிடுக்கு, ஆசனவாயைச் சுற்றிய தோல் ஆகியவையும் அதற்குப் பிடித்த இடங்கள். மூக்கைத் தொட்ட விரல் தொடையைச் சொறிகிறது. இறுக்கமான உடையில் மணிக்கணக்கில் உட்கார்ந்து, வியர்வையில் ஊறி, உராய்ந்த மயிர்க்கால் வாய் திறந்து காத்திருக்கிறது. மாத்திரை அன்றைய கட்டியை அடக்குகிறது, மூக்கில் இருப்பவரை வெளியேற்றுவதில்லை. இதுதான் உங்கள் ஒன்றரை வருடக் கதை. மனைவிக்கு வந்ததும் இதன் வழியாகவே இருக்கலாம். ஆக, இந்த வகை ஒட்டும்.

வெளியேற்ற ஒரு முறை இருக்கிறது, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். புதிய கட்டி எதுவும் பழுத்துக்கொண்டிருக்காத நேரத்தில் தொடங்க வேண்டும். மூக்குக்கென்று உள்ள முபிரோசின் களிம்பைத் தீக்குச்சித் தலை அளவு எடுத்து, ஒவ்வொரு துவாரத்திலும் முன்பக்கத்தில் தடவி, மூக்கின் இரு பக்கத்தையும் சேர்த்து ஒரு நிமிடம் மெதுவாக அமுக்கி விடுங்கள். நாளைக்கு 2 முறை, 5 நாள். அதே 5 நாளும் குளோர்ஹெக்சிடின் 4 சதவீதக் கழுவு திரவத்தால் கழுத்துக்குக் கீழே உடம்பைக் கழுவுங்கள். அக்குள், இடுக்கு, பிட்டம், தொப்புள் ஆகிய இடங்களை விட்டுவிடாமல் தேய்த்து, 2 நிமிடம் கழித்து அலசுங்கள். இங்கே பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. வழக்கமான சோப்பு தோலில் மிச்சமிருந்தால் குளோர்ஹெக்சிடின் செயலிழந்துவிடும். சோப்பு போட்டால் அதை முழுக்க அலசிய பிறகே இது. கண்ணிலோ காதுக்குள்ளோ போகக் கூடாது, கண்ணின் கருவிழியையும் உட்செவியையும் கெடுக்கும். குளோர்ஹெக்சிடின் பட்ட துணியைக் குளோரின் ப்ளீச்சில் ஊறவைத்தால் பழுப்புக் கறை ஏறிவிடும், அது போகவே போகாது.

ஒருவர் மட்டும் செய்தால் அடுத்தவரிடமிருந்து கிருமி திரும்பிவிடும். வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே வாரத்தில் செய்வதே சரி. அந்த 5 நாளும் தினம் ஒரு புதுத் துண்டு, தினம் மாற்றிய உள்ளாடை. படுக்கை விரிப்பும் தலையணை உறையும் முதல் நாளும் கடைசி நாளும் மாற்றி, 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும். ரேஸரைப் பங்கிட்டுக்கொள்ளும் பழக்கம் வீட்டில் இருந்தால் அன்றோடு போகட்டும். இப்படிச் செய்தும் சிலருக்கு மாதங்கள் கழித்துக் கிருமி திரும்பும். ஆனால் மாதம் ஒன்று என்பது வருடம் ஒன்று என்று குறைந்தாலே பெரிய நிம்மதி.

ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கெட்ட ரத்தம் என்று ஒன்று இல்லை, அதைச் சுத்தம் செய்யும் மருந்தும் தேவையில்லை. பார்க்க வேண்டியது சர்க்கரை. சர்க்கரை கூடுதலாக இருக்கும்போது வெள்ளணுக்கள் சோம்பிவிடும், கட்டிகள் விடாமல் வரும். பலருக்கு நீரிழிவு இருப்பதே இப்படித்தான் தெரியவருகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது நீரிழிவு எல்லை. வேறொரு நாள் மறுபடி பார்த்து உறுதிசெய்வார்கள். உடம்புச் சூடு என்று நீங்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. சூட்டுக்கட்டி என்ற பெயர் வெறுமனே வந்துவிடவில்லை. வெப்பம் வியர்வையைக் கூட்டுகிறது, வியர்வை தோலை ஊறவைக்கிறது. கட்டியை உண்டாக்குவது கிருமிதான், சூடு அதற்குக் கதவைத் திறந்து வைக்கிறது.

இனி முதுகு. உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த வரி, "மாத்திரை முடித்த சில வாரங்களில்" என்பது. அரிப்பு முன்னே நிற்கிறது, வலி இல்லை. எல்லாம் கடுகு அளவு, ஒன்றுபோல் மற்றொன்று. மேல்முதுகு, தோள் என்று எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த இடம். இவை மூன்றும் சேர்ந்தால் மலசேசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையின் வேலை. முகப்பருவிலிருந்து இதைப் பிரித்தறிவது எளிது: முகப்பருவில் பெரிதும் சிறிதும் கலந்திருக்கும், நடுநடுவே கரும்புள்ளி அடைப்புகள் தெரியும், அரிப்பு அவ்வளவாக இருக்காது.

மலசேசியா எல்லோர் தோலிலும் வாழ்கிறது. அதன் இடத்தைச் சுருக்கிவைப்பது பக்கத்தில் வாழும் பாக்டீரியாக்கள். ஆன்டிபயாடிக் அந்தப் பாக்டீரியாக்களைக் காலி செய்துவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஸ்டீராய்டும் அதற்கு உரம். இந்த நிலையில் "முதுகெல்லாம் பரு" என்று மூன்றாவது தடவை ஆன்டிபயாடிக் எடுத்தால் என்ன ஆகும் என்று இனி நீங்களே சொல்லிவிடுவீர்கள். இன்னொன்று, இந்தப் பூஞ்சை கொழுப்பைத் தின்று வாழ்வது. ஆய்வகத்தில் இதை வளர்க்க வேண்டுமென்றால் அதற்கு வைக்கும் தீனியில் எண்ணெய் கலக்கிறார்கள். அரிக்கிறதே என்று முதுகில் எண்ணெய் தேய்ப்பது அதற்குப் பந்தி போடுவதுதான். எண்ணெய், கெட்டியான மாய்ஸ்சரைசர், முதுகில் வழியும் ஹேர் கண்டிஷனர் எல்லாவற்றையும் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள்.

மருந்து தலைக்குப் போடும் ஷாம்புதான்: கீட்டோகொனசோல் 2 சதவீதம், அல்லது செலினியம் சல்ஃபைடு 2.5 சதவீதம். முதுகை நனைத்து, ஷாம்புவை நுரைக்கத் தேய்த்து, 5 முதல் 10 நிமிடம் அப்படியே விட்டுக் கழுவுங்கள். தேய்த்த கையோடு கழுவுவதால்தான் "ஷாம்பு போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற புகார் வருகிறது. மருந்து குழாயின் அடிவரை இறங்க நேரம் வேண்டும். தினம் ஒரு முறையாக 2 வாரம், பின்னர் வாரம் ஒரு முறை. அரிப்பு முதலில் அடங்கும், பொரிகள் மறைய 3, 4 வாரம் ஆகும். தலையில் பொடுகு இருந்தால் அதே ஷாம்புவைத் தலைக்கும் போடுங்கள், பொடுகிலும் இதே பூஞ்சைக்குப் பங்கு உண்டு. அடங்கியபிறகு வாரம் ஒரு முறை என்பதை விட்டுவிட்டால் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

பரப்பு பெரிதாக இருந்தாலோ ஷாம்புவுக்கு அடங்காவிட்டாலோ மருத்துவர் இட்ராகொனசோல் அல்லது ஃப்ளூகொனசோல் மாத்திரை கொடுப்பார். நீங்கள் வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள், இவை பல மருந்துகளோடு மோதும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இட்ராகொனசோல் ஆகாது. கீட்டோகொனசோலை ஷாம்புவாகத் தயங்காமல் பயன்படுத்தலாம். மாத்திரையாக இதற்கு வேண்டாம். ஈரலைக் கெடுப்பதால் 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை பூஞ்சைத் தொற்றுக்கு அந்த மாத்திரையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. சந்தேகம் இருந்தால் ஒரு பொரியிலிருந்து எடுத்த துளியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் மொட்டுவிடும் ஈஸ்ட்டுகள் தெரியும். சோதனை சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

மூன்றாவது கழுத்து. இங்கே பெரும்பாலும் கிருமியே இல்லை. சுருண்டு வளரும் முடியைச் சாய்வாக வெட்டினால் நுனி ஊசி போல் கூராகிறது. வளரும்போது வளைந்து பக்கத்துத் தோலுக்குள் இறங்குகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துப் போர் தொடுக்கிறது. மூன்று, ஐந்து பிளேடு உள்ள ரேஸர்கள் முடியைக் கொஞ்சம் இழுத்துத் தோலுக்குக் கீழே வெட்டுகின்றன. தடவினால் வழுவழுவென்று இருக்கும், ஆனால் முடி வெளியே வராமலே உள்சுவரைக் குத்தும். தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஷேவ் செய்வதும், முடி வளரும் திசைக்கு எதிராகப் போவதும் இதையேதான் செய்கின்றன.

தீர்வு எளிது, பொறுமை மட்டும் வேண்டும்: 4 வாரம் ஷேவ் செய்யாதீர்கள். ஏன் 4 வாரம்? முடி நாளைக்கு 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் வளர்கிறது. சுமார் 1 சென்டிமீட்டர் ஆனதும் வளைந்த முடி வில் போல் நிமிர்ந்து தானாகவே வெளியே வந்துவிடும். முதல் ஒரு வாரம் பார்க்கச் சகிக்காது, அதற்கப்பால் குறையும். வேலை காரணமாகத் தாடி விட முடியாது என்றால் டிரிம்மரை 1 மில்லிமீட்டரில் வைத்து ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். தோலில் வளையம் போல் தெரியும் முடியைச் சுத்தமான ஊசி நுனியால் மெதுவாக நெம்பி வெளியே விடலாம். பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கிய இடத்தில் வளரும் புது முடி மறுபடி உள்ளேதான் குத்தும்.

மறுபடி ஷேவ் செய்யத் தொடங்கும்போது வெதுவெதுப்பான நீரில் நனைத்து, ஜெல் தடவி, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுங்கள். ஊறிய முடி மழுங்கலாக வெட்டுப்படும், கூர் நுனி குறையும். ஒற்றை பிளேடு, முடி சாயும் திசையில், தோலை இழுக்காமல், ஒரே ஒரு தடவை. கழுத்தில் முடி எந்தப் பக்கம் சாய்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். நாலு நாள் வளர்ந்த முடியை விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். ஐந்தாறு ஷேவுக்கு ஒருமுறை பிளேடை மாற்றுங்கள். அடாபலின் 0.1 சதவீத ஜெல்லை இரவில் பட்டாணி அளவு பூசினால் மயிர்க்கால் வாய் அடைபடாமல் இருக்கும். முதல் சில வாரம் தோல் காய்ந்து உரியும் என்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

லேசர் பற்றிக் கேட்டீர்கள். இந்தக் கழுத்துக்குத்தான் அது நன்றாக வேலை செய்யும், முடியே மெலிந்தால் குத்த ஆளில்லை. கருமையான தோலுக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் வகையைக் கேட்டு வாங்குங்கள். குறைந்த அலைநீளக் கதிரை மேல்தோலின் நிறமியே விழுங்கிக்கொள்வதால் தோல் வெந்து தழும்பாகலாம். 4 முதல் 6 வார இடைவெளியில் பல அமர்வுகள் ஆகும், இடையில் முடியைப் பிடுங்கவோ வாக்ஸ் செய்யவோ கூடாது. வேர் இல்லாவிட்டால் லேசர் எதைச் சுடும்? பிட்டத்துக் கட்டிக்கும் முதுகுப் பூஞ்சைக்கும் லேசரை நம்ப வேண்டாம். சீழ் இருக்கும் நேரத்தில் எங்கும் செய்யவே வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். வெந்நீர்த் தொட்டியிலோ சரியாகக் குளோரின் கலக்காத நீச்சல் குளத்திலோ இறங்கிய ஒன்றிரண்டு நாளில், நீச்சலுடை மூடிய இடத்தில் அரிப்போடு பொரிந்தால் அது சூடோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியா. ஆரோக்கியமானவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தானே போய்விடும். இரண்டாவது கவலைக்குரியது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஒரே இடத்தில் மாறி மாறிக் கட்டி வந்து, தோலுக்கடியில் குழாய் போல் வழி உண்டாகி, ஆறியபின் கயிறு போல் தடித்த தழும்பு விடுகிறதென்றால் அது சாதாரணக் கட்டி அல்ல. ஹைட்ராடெனைட்டிஸ் என்ற நீண்டகால அழற்சி. ஒவ்வொரு முறையும் கீறி வடிப்பதால் அது தீராது, ஆண்டுகள் வீணாகும். தோல் மருத்துவரிடம் சீக்கிரம் போவதில்தான் எல்லாம் இருக்கிறது. புகைபிடிப்பவர்களுக்கும் உடல் எடை அதிகமானவர்களுக்கும் இது கூடுதலாக வருகிறது.

ஆறிய இடங்களில் நிற்கும் கருமை தொற்று மிச்சம் இருப்பதன் அடையாளம் இல்லை, நிறமி படிந்ததுதான். கருமையான தோலில் அது மறைய 3 மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம். வெயில் படும் இடத்தில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும், இரவில் அசெலாயிக் அமிலம் 15 அல்லது 20 சதவீதக் கிரீமும் போதும். நார் போட்டுத் தேய்த்து நீக்கப் பார்த்தால் கருமை கூடும்.

காய்ச்சல், குளிர் நடுக்கம், நேரத்துக்கு நேரம் பரவும் சிவப்பு, கட்டியிலிருந்து மேல்நோக்கி ஓடும் சிவப்புக் கோடு, இடுக்கில் வலியோடு நெறி கட்டுதல், கண்ணுக்குப் பக்கத்தில் வீக்கம், பார்ப்பதற்குச் சிறிதாக இருந்தும் பொறுக்க முடியாத வலி: இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். நீரிழிவு உள்ளவர்களும் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சிவப்பின் விளிம்பில் பேனாவால் ஒரு கோடு போட்டு நேரத்தை எழுதி வைத்தால், பரவுகிறதா இல்லையா என்பதில் சந்தேகம் இருக்காது.

இந்த வாரத்திலேயே தோல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது அந்தக் கிரீமின் அட்டை, இதுவரை சாப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளின் பெயர், எத்தனை நாள் என்ற குறிப்பு, கட்டி உச்சத்தில் இருந்தபோது எடுத்த படம் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். போவதற்கு முன் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை விழுங்கிவிடாதீர்கள், வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராமல் போய்விடும். முதுகுக்கான ஷாம்புவை மட்டும் அன்று காலை போடாமல் போங்கள். மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள், மூக்குக் களிம்பு இருவருக்கும் சேர்த்தே எழுதப்படட்டும்.